புத்தகத்துக்கு எங்கள் ஊர் போட்ட தீர்மானம்

நம் வீட்டு நடுப்பிள்ளையின் படிப்பு ஒரு புத்தகத்தை நம்பி இருந்த காலம் ஒன்று உண்டு. பெரியவன் அப்போது திருச்சியில் விடுதியில் தங்கி ஐ.டி.ஐ. படித்தான். சின்னவனுக்கு விவரம் தெரியாத வயது. நடுவுள்ளவளுக்கு வீட்டுக்குள் நடந்தது தெரியும். பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் நடந்தது தெரியாது. அதனால் மூன்று பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். யார் பெயரையும் எழுத மாட்டேன். நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். பெயர் போட்டு எழுதிவிட்டால் நாளைக்குச் சின்னவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போக முடியாது. இத்தனைக்கும் நான் எழுதுவது குறை சொல்ல அல்ல, நன்றி சொல்லத்தான்.

நடுவுள்ளவளை அப்போது ஊரே பையன் என்றுதான் சொன்னது. நாங்களும் அப்படி நினைத்துத்தான் பெயர் வைத்தோம், முடி வெட்டிவிட்டோம். தான் பெண் என்பது அவளுக்குச் சிறு வயதிலேயே தெரிந்திருக்கிறது. எங்களுக்குப் புரியத்தான் நாளானது. ஒன்பதாம் வகுப்பில் கூடப் படித்த பசங்களின் கேலி தாங்காமல், காலையில் சீருடையை எடுத்தாலே அவளுக்கு வயிறு வலிக்கும். ஒரத்தநாட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணுமில்லீங்க, வேற எங்கயோ வலிக்குது" என்றார். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். அம்மாவோடு களை எடுக்கப் போனாள், ஆட்டுக்குத் தழை ஒடித்தாள். படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

பள்ளிக்கூடத்தில் நூலகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட தமிழ் டீச்சர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அதட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "படிச்சிட்டு நீயே கொண்டாந்து குடு, யார்கிட்டயும் குடுத்தனுப்பாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சிறுவர்களுக்கான கதைப் புத்தகம். அதில் ஒரு கதை நம் நடுவுள்ளவளைப் போன்ற ஒரு பிள்ளையைப் பற்றியது.

அடுத்த திங்கட்கிழமை அவளாகவே குளித்தாள், அவளாகவே சீருடை போட்டாள். தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி உங்கள் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். தோசை கருகியது. நான்தான் கேட்டேன், என்னம்மா திடீரென்று என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தக் கதை பள்ளிக்கூடத்து அலமாரியில இருக்குப்பா. அப்ப நானும் அந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கலாம்னுதானே அர்த்தம்."

அந்த டீச்சருக்கு முதல் நன்றி.

ஆனால் புத்தகம் அலமாரியில் இருந்தால் நாலு பேர் எடுக்கத்தானே செய்வார்கள். நெல் லாரி ஓட்டுகிற ஒருவருடைய மகள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவர் புரட்டிப் பார்த்திருக்கிறார். பாவாடை கேட்டு நிற்கிற பையனின் படம் கண்ணில் பட்டிருக்கிறது. மறுநாள் காலை அது டீக்கடைக்கு வந்துவிட்டது. டீக்கடைக்கு வந்த பேச்சு எப்படி வளரும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் "பள்ளிக்கூடத்துல என்னமோ புத்தகம் குடுக்குறாங்களாம்" என்று இருந்தது, மாலைக்குள் "பையன்களப் பொண்ணா மாத்துறதுக்குப் பாடம் நடத்துறாங்க" என்று ஆகியிருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடும், புத்தகத்தை வெளியேற்றச் சொல்லித் தீர்மானம் போடுவார்கள் என்று முடிவாகிவிட்டது.

அந்தக் குழுவில் பெற்றோர்கள்தான் அதிகம். நானும் ஒரு உறுப்பினர்.

நடுவுள்ளவள் என்னிடம் அழவெல்லாம் இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னாள்: "புத்தகம் போச்சுன்னா நானும் போக மாட்டேன்பா. இந்தத் தடவை என்னை யாரும் கூப்பிட வராதீங்க." அவள் வீம்புக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

நான் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். உங்கள் அம்மா சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுக் கேட்டாள்: "எண்ணெய்க் கம்பெனிக்காரன் மிஷினுக்கு முன்னாடி போய்ப் படுத்த ஆளு, டீக்கடைப் பேச்சுக்குப் பயந்துகிட்டு வீட்டுக்குள்ள ஒக்காரப் போறீங்களா?"

அவள் சொன்ன கதையை நீங்கள் அறிவீர்கள். உங்கள் தாத்தா பண்ணையில் ஆளாக இருந்து, அடிபட்டு, கோர்ட்டுக்கு அலைந்து சாகுபடி உரிமை வாங்கிய நிலம் நம்முடையது. சிட்டாவில் அவர் பெயர் ஏறிய பிறகுதான் அவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார் என்பார்கள். அந்த நிலத்தை ஒட்டித்தான் எண்ணெய் எடுக்கக் கிணறு போட வந்தார்கள். ஊர் சேர்ந்து பந்தல் போட்டு உட்கார்ந்தது. பந்தலில் என் வேலை வாசிப்பது. சின்ன வயதில் நம் தெருவில் கட்சிப் படிப்பகம் ஒன்று இருந்தது. படிக்கத் தெரியாதவர்கள் பேப்பரை என் கையில் கொடுத்து, "சத்தமா படிடா" என்பார்கள். அந்தப் பழக்கத்தில், வந்த நோட்டீஸ், அரசாங்கக் கடிதம், கம்பெனி அறிக்கை எல்லாவற்றையும் பந்தலில் நான்தான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். வாசித்து முடிக்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அங்கே ஏற்பட்ட வழக்கம்.

பந்தலுக்குத் தலைமை உங்கள் பெரியப்பா, என் ஒன்றுவிட்ட அண்ணன். கட்சிக் கிளைச் செயலாளர். அவர் இல்லாவிட்டால் இன்றைக்கு நம் வயலில் நெல் இல்லை, குழாய்தான் இருக்கும். புத்தகத்துக்கு எதிரான தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் பத்தாம் வகுப்பு அறையில் கூட்டம். பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தலைவர் ஒரு தாயாகத்தான் இருக்கவேண்டும் என்பது விதி. எங்கள் குழுத் தலைவி, நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போவாளே, அந்த அக்கா. வாய்க்காலின் கடைசி வயல் அவளுடைய குத்தகை. தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். "நீங்க என்ன முடிவு எடுத்தாலும் நான் மேல எழுதிடுறேங்க" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சுவர் ஓரமாகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லாரிக்காரர்தான் முதலில் எழுந்தார். "நான் சண்டைக்கு வரல. எம்பொண்ணு என்ன படிக்கிதுன்னு கேக்க எனக்கு உரிமை இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். இருக்கிறது என்றேன். அன்றைக்கும் அதுதான் என் எண்ணம், இன்றைக்கும் அதுதான். பெற்றவனைக் கேட்காதே என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. என் கவலை வேறு. அவர் மகளுக்காக அவர் பேசலாம். என் மகளுக்காகவும் அவரே பேசிவிட்டால் நான் எங்கே போவது?

அதைச் சபையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோருக்கும் தெரியும், இது யார் வீட்டுக் கதை என்று. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியப்பா தீர்மானத்தை என்னிடம் நீட்டினார். "படிடா தம்பி. வழக்கம் எதுக்கு மாறணும்?"

ஒரத்தநாட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் அழகாக அச்சடித்த தாள். நான் எழுந்து நின்று வாசித்தேன். முதல் பத்தி சரியாகத்தான் இருந்தது. மாணவர் நலன், பெற்றோர் உணர்வு, ஊர்ப் பண்பாடு. அடுத்த பத்திக்கு வந்தேன். எழுதியிருப்பதைத்தானே வாசிக்கவேண்டும்?

"மேற்படி புத்தகத்தை எங்கள் ஊராட்சி எல்லைக்குள் தோண்டுவதால் நிலத்தடி நீர் உப்பாகி, குறுவை, சம்பா, தாளடி ஆகிய மூன்று போகமும் பாதிக்கப்படும் என்பதாலும், கால்நடைகள் குடிக்கத் தண்ணீர் இன்றி மடியும் என்பதாலும்..."

நான் நிறுத்தினேன். பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "என்னது, ஆடு மாடெல்லாம் சாவுமா?" என்றாள்.

"மேல படிடா" என்றார் பெரியப்பா. அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"எனவே மேற்படி புத்தகத்தை உடனடியாக நிரந்தரமாக மூடி, வாயில் சிமெண்டு போட்டு அடைத்து, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமாறு..."

அவ்வளவுதான். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. தலைமை ஆசிரியர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நடந்தது இதுதான்: எண்ணெய்க் கிணற்றுக்கு எதிராகக் கிராம சபையில் போட்ட பழைய தீர்மானம் சென்டரில் அப்படியே இருந்திருக்கிறது. முதல் பத்தியை மட்டும் பெரியப்பா புதிதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சத்தில் கிணறு என்று வருகிற இடத்தில் எல்லாம் புத்தகம் என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர் முழுதாகப் படித்துப் பார்க்கவில்லை.

"ஏன் மாமா, அந்த எண்ணெய்க் கம்பெனிக்காரனா இந்தப் புத்தகத்த எழுதினான்?" என்று தலைவி அக்கா கேட்டாள்.

"சிரிங்கடி, சிரிங்க. அந்தத் தீர்மானம்தான் உங்க வயலக் காப்பாத்திச்சு" என்றார் பெரியப்பா. அவருக்கும் உதட்டோரம் துடித்தது.

அந்தச் சிரிப்புக்கும் நான் நன்றி சொல்கிறேன். வயிறு குலுங்கச் சிரித்தவன் உடனே கோபத்துக்குத் திரும்ப முடியாது. மூச்சு வாங்க வேண்டும். அந்த மூச்சு வாங்குகிற இடைவெளியில் அக்கா சொன்னாள்: "சரி, தீர்மானத்த வாசிச்சாச்சு. அந்தப் புத்தகத்த யார் வாசிச்சது இங்க?"

லாரிக்காரர், "படம் பாத்தேன்" என்றார். வேறு யாரும் கை தூக்கவில்லை.

"பந்தல்ல கம்பெனிக்காரன் அறிக்கையையே வரி விடாம வாசிச்சு கேட்டோம். நம்ம புள்ளைங்க புத்தகத்துக்கு அந்த மரியாதை கூடவா இல்ல? தம்பி, வாசி."

டீச்சர் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். நான் அதுவரை அந்தக் கதையைப் படித்ததில்லை. மகள் படித்தாள் என்று தெரியும், அதோடு சரி.

கதை பெரிதில்லை. ஒரு சின்ன ஊரில் ஒரு தையல்காரர். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைப்பவர். கடைசியாகத் தன் பிள்ளையைக் கூப்பிட்டு அளவெடுக்கிறார். பையன் என்று பதிந்த பிள்ளை, பாவாடைதான் வேண்டும் என்று நிற்கிறது. அப்பா திட்டுகிறார், கெஞ்சுகிறார், இஞ்சு நாடாவை வீசி எறிகிறார். பிறகு மறுபடி எடுத்து இடுப்பில் வைக்கிறார். பயத்தில் பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கிறது. அப்போது அவர் சொல்கிறார்: "மூச்சை இழுக்காதே. நீ இருக்கிறபடி நில்லு, அப்பத்தான் அளவு சரியா வரும்."

அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். தண்ணீர் கேட்டேன். யாரோ ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். குடித்துவிட்டு மிச்சத்தை வாசித்தேன். தையல்காரர் துணியை விரிக்கிறார், கத்தரியை எடுக்கிறார், மிஷினை மிதிக்கத் தொடங்குகிறார். கதை முடிந்தது.

பிறகு பின் பெஞ்சுப் பெண் கேட்டாள்: "என்ன தச்சாரு?"

"போடலை" என்றேன்.

"போடலைன்னா? கால்சட்டையா பாவாடையா?"

"அதோட முடிஞ்சிருச்சுங்க."

"இது என்ன அநியாயமா இருக்கு! கதைய எழுதுனா முடிக்க வேணாம்?" அவளுக்கு உண்மையாகவே கோபம்.

"பாவாடைதான் தச்சிருப்பாரு. அதான் துணிய அவ்வளவு அகலமா விரிச்சாரே" என்றார் ஒருவர். "கால்சட்டைக்கும் அப்படித்தான் விரிக்கணும், உனக்குத் தையலப் பத்தி என்ன தெரியும்?" என்றார் இன்னொருவர். லாரிக்காரரும் அந்த வாக்குவாதத்தில் சேர்ந்துகொண்டார். பெத்தவன் கெஞ்சுறதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு என்றார்.

பெரியப்பா விடவில்லை. "கதை நல்ல கதைதான். யாரு இல்லேன்னா? ஆனா எம் பேத்தியும் இங்க படிக்கிது. இதெல்லாம் படிக்கிற வயசா?"

"மாமா, மேடையில ஏறி, திருநங்கைன்னு மரியாதையாப் பேரு குடுத்தது எங்க கட்சிதான்னு மைக்குல முழங்குறீங்க. மேடைய விட்டு எறங்குனா அந்தப் பேரு கசக்குதா?" என்றாள் அக்கா.

"மேடை வேற, பள்ளிக்கூடம் வேற."

"சரி, வாய்க்காலுக்கு வாங்க. போன குறுவையில மேல்மடைக்காரன் நாத்து அழுகுதுன்னு வாய்க்கால்லயே மண்ணப் போட்டு அடைச்சான். என் வயல் காஞ்சுது. நீங்க வந்து என்ன சொன்னீங்க?"

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்றேன். 'உனக்குத் தண்ணி வேணாம்னா உன் மடைய அடைச்சுக்க, வாய்க்கால அடைக்க நீ யாரு'ன்னு கேட்டீங்க. ஊரே கேட்டுச்சு. இவருக்கு இவரு பொண்ணு படிக்க வேணாம்னா டீச்சர்கிட்ட சொல்லட்டும், அந்தப் பொண்ணுக்குக் குடுக்க மாட்டாங்க. அலமாரியையே அடைச்சா, கடைசியில இருக்குற வயல் என்னாவுறது?"

'கடைசியில் இருக்கிற வயல்' என்றபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அது புரிந்தது. அந்த அறையில் புரியாதவர் யாரும் இல்லை.

பெரியப்பா தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அடிப்பாவி, என் வாயாலயே எனக்குத் தீர்ப்பு சொல்ற" என்றார். ஆதரவாகக் கை தூக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. எதிர்க்காமல் இருந்ததே அவரைப் போன்றவருக்குப் பெரிய விஷயம். அவர் எதிர்த்திருந்தால் பாதிப் பேர் அவர் பின்னால் போயிருப்பார்கள்.

தலைமை ஆசிரியர் கையாலேயே புதிதாக எழுதினார். புத்தகம் அலமாரியில் இருக்கும். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்கிற பெற்றோர் டீச்சரிடம் சொல்லலாம், அந்தச் சொல் அந்தப் பிள்ளைக்கு மட்டும். நான் அதை வாசித்தேன். ஆட்டைப் பற்றி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

லாரிக்காரர் தன் மகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் வேறு பள்ளிக்கூடத்துக்கும் மாற்றிவிட்டார். அது அவர் மடை. போகும்போது ஊரில் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதற்கு அவருக்கும் நன்றி.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். கேலி நிற்கவில்லை, குறைந்தது. பத்தாவது முடிக்கும் வரைக்கும் எத்தனையோ நாள் அவள் முகம் வாடித்தான் வீடு திரும்பினாள். ஆனால் வயிறு வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து நான் வந்தபோது மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டிருந்தாள். "இருக்கு" என்று ஒரு சொல்தான் சொன்னேன். அவள் சாணிக் கையோடு நின்று, "அப்ப திங்கக்கெழம எனக்குக் கணக்குப் பரீட்சை இருக்கே, ஒண்ணுமே படிக்கல" என்று பதறினாள். அந்தப் பதற்றத்தைக் கேட்ட சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

பொங்கலுக்கு மூன்று பேரும் வருகிறீர்கள். வந்ததும் தலைவி அக்கா வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அவளே வந்துவிடுவாள். பெரியப்பா வீட்டுக்கு நீங்கள்தான் போகவேண்டும். முட்டி வலியால் அவரால் இப்போது நடக்க முடியவில்லை. நான் போகும்போதெல்லாம், "எங்கடா உன் நடு மவன், எப்ப வாரான்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டு, "மவ, மவ. எப்ப வருது?" என்பார். ஒவ்வொரு தடவையும் தப்பாகத்தான் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும், நான் எதுவும் சொல்லாமலே, அவராகவே திருத்திக்கொள்கிறார். அதற்காகவே ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள்.